ஊர்க் கூட்டத்தைக் கூட்ட ஆறு பேர் போதும்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் மஞ்சள் விலை, கிணற்றுத் தண்ணீர், மாட்டுக்கு மடிநோய் என்றுதான் எழுதிக்கிட்டு இருப்பேன். இந்த வாரம் இங்கிலாந்துக் கிராமத்து ஊராட்சியைப் பற்றி. மகள் நார்ஃபோக் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்காள். பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் வீட்டம்மாவும் வந்து நாலு மாசம் ஆச்சு. புது ஊருக்குப் போனால் விவசாயி கண் முதலில் மண்ணைப் பார்க்கும், அப்புறம் ஊர் எப்படி நடக்குதுன்னு பார்க்கும். இங்கே சுகர் பீட் கிழங்கை மெஷின் எப்படித் தோண்டுதுன்னு இன்னொரு நாள் எழுதறேன். இன்னைக்கு ஊர் நடக்கிற விதம்.

சொல்ல வர்றதை முதலிலேயே சொல்லிடறேன். இங்கே 'பாரிஷ் கவுன்சில்' என்று ஒன்று இருக்கு. அதைப் பார்த்துச் சிரிக்கிறவங்க இங்கிலாந்திலேயே நிறைய. செய்யற வேலை சின்னது, கையில் இருக்கிற காசும் சின்னது. ஆனா ஊர்க் காசையும் ஊர்க் கணக்கையும் ஊர்க்காரன் கண் முன்னால் வைக்கிற ஏற்பாடு அதில் இருக்கு. அதுக்கு வந்திருக்கிற நோய் ஒண்ணே ஒண்ணு, உட்கார ஆள் இல்லை. விவசாயி எழுந்து போயிட்டான், புதுசா வந்தவன் இன்னும் உட்காரலை. ரெண்டு பேரும் அந்த நாற்காலிக்கு வரணும் என்கிறதுதான் என் கட்சி.

பெயரில் சர்ச், வேலையில் ஊர்

பாரிஷ் என்றால் ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட எல்லை. அந்தக் காலத்தில் சாலை, ஏழைகளுக்கான உதவி எல்லாமே சர்ச்சை ஒட்டிக் கூடிய 'வெஸ்ட்ரி' கூட்டத்தில்தான் முடிவாச்சு. அங்கே பேச்சு எடுபட்டது பெரிய நிலக்காரருக்கும் பாதிரியாருக்கும்தான். 1894ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் இதைப் பிரிச்சுது. சர்ச் வேலை சர்ச்சுக்கு, ஊர் வேலை தேர்ந்தெடுக்கப்பட்ட பாரிஷ் கவுன்சிலுக்கு என்று ஆச்சு. நாடாளுமன்றத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம் அது. ஆனா பாரிஷ் கவுன்சிலில் பெண்கள் ஓட்டுப் போடலாம், உறுப்பினராகவும் ஆகலாம் என்று அந்தச் சட்டம் வழி விட்டுச்சு.

இதுக்குப் பின்னால் விவசாயக் கூலிகளின் கதை இருக்கு. 1872இல் ஜோசப் ஆர்ச் என்கிற வயல் கூலித் தொழிலாளி, மற்ற கூலிகளைத் திரட்டிச் சங்கம் கட்டினார். 1884 சட்டத்தில்தான் கிராமத்துக் கூலி ஆண்களில் பெரும்பகுதிக்கு ஓட்டுரிமை வந்தது. அடுத்த வருசமே அதே ஆர்ச், வடமேற்கு நார்ஃபோக்கில் நின்று ஜெயிச்சு நாடாளுமன்றம் போனார். அந்த ஆட்கள் கேட்டதில் முக்கியமான ஒண்ணு, கூலி வேலை முடிஞ்சு வந்து தனக்குன்னு உருளைக்கிழங்கு, கோஸ் போட்டுக்க ஒரு துண்டு நிலம். அதுக்குப் பேர் 'அலாட்மென்ட்'. இன்னைக்கும் பல ஊர்களில் அந்த நிலத்தைக் கவனிக்கிறது பாரிஷ் கவுன்சில்தான். பழைய அளவுப்படி ஒரு துண்டு 10 ராட், சுமார் 250 சதுர மீட்டர். நம்ம கணக்கில் ஆறேகால் சென்ட். ஒரு குடும்பத்துக் காய்கறிக்கு அது தாராளம்.

1908ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொண்ணும் உண்டு. ஆறு வாக்காளர்கள் சேர்ந்து 'எங்களுக்கு அலாட்மென்ட் வேணும்' என்று எழுதிக் கொடுத்தால், கவுன்சில் அதைக் கணக்கில் எடுத்தே ஆகணும். ஆறு பேர். இந்த எண்ணை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வரும்.

பலகையில் என்ன ஒட்டியிருக்காங்க

மகள் வீட்டுத் தெருமுனையில் கண்ணாடி போட்ட ஒரு அறிவிப்புப் பலகை. நான் நடைக்குப் போகும்போதெல்லாம் அதை ஒரு தரம் படிச்சிடுவேன். இந்தப் பருவத்துச் செய்திகள் இவ்வளவுதான்: விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் சங்கிலி மாத்தணும். நாய்க் கழிவுத் தொட்டி இன்னொண்ணு வைக்கணும். ஊருக்குள் நுழையற வண்டியோட வேகத்தைக் காட்டற மின் பலகையை இந்த மாசம் எந்தக் கம்பத்துக்கு மாத்தலாம். கிராம மண்டபத்துக் கூரைக்கு மூணு பேரிடம் விலைப்புள்ளி வாங்கணும். பஸ் நிற்கிற இடத்தில் பெஞ்சு உடைஞ்சிருக்கு.

இதைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். 'விகார் ஆஃப் டிப்லி' என்று இவங்க டி.வி.யில் வந்த ஒரு நகைச்சுவைத் தொடரில் பாரிஷ் கவுன்சில் கூட்டம்தான் பெரிய தமாஷ். நான் சிரிக்க மாட்டேன். ஊஞ்சல் சங்கிலி அறுந்தால் விழறது நம்ம பேரன். அதை லண்டனில் இருந்து யாரும் வந்து மாத்தப் போறதில்லை.

சிவப்பு டெலிபோன் பெட்டி ஒண்ணும் இருக்கு. கையில் மொபைல் வந்த பிறகு அதுக்குள் போறவங்க யாரும் இல்லை. 2008இலிருந்து பி.டி. நிறுவனம் இந்தப் பெட்டிகளை ஒரு பவுண்டு விலைக்கு ஊர்களுக்கே கொடுக்குது. சில ஊர்களில் அதைப் புத்தகம் மாத்திக்கிற குட்டி நூலகமா ஆக்கிட்டாங்க. நம்ம மகள் ஊரில் டிஃபிப்ரிலேட்டர் வெச்சிருக்காங்க. இதயம் திடீர்னு நின்னுட்டா மின் அதிர்ச்சி கொடுக்கிற கருவி. ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னால் இருக்கிற சில நிமிசம்தான் அந்த நேரத்தில் உயிர். ஒரு பவுண்டுப் பெட்டிக்குள் அந்தச் சில நிமிசத்தை வெச்சுப் பூட்டியிருக்காங்க. இதைச் செஞ்சது நாய்த் தொட்டி பற்றிப் பேசற அதே ஆட்கள்தான்.

சட்டம் அடிச்ச முளைக்குச்சிகள்

எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடிச்சது அதோட விதிகள். மாட்டைக் கட்ட முளைக்குச்சி அடிக்கிற மாதிரி, நாலு பக்கமும் அடிச்சு வெச்சிருக்காங்க. இதில் பாதிக்கு மேல் 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தில் இருக்கு.

கவுன்சில் கூடறதுக்குக் குறைஞ்சது மூணு முழு நாள் முன்னால், ஊரில் எல்லார் கண்ணிலும் படற இடத்தில் நோட்டீஸ் ஒட்டணும். வாக்காளர்கள் எல்லாரும் வரக்கூடிய வருடாந்தர ஊர்க் கூட்டம் மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் நடுவில் நடந்தாகணும். அந்தக் கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் தொடங்கவே கூடாது. ஏன் ஆறு மணி? வேலைக்குப் போறவன் வீட்டுக்கு வந்து சேரணுமே. காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வெச்சா யார் வருவாங்க, யார் வரமாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும்.

கவுன்சில் கூட்டத்தை மது விற்கிற இடத்தில் நடத்தக் கூடாது. வேற இடம் இலவசமாகவோ நியாயமான வாடகைக்கோ கிடைக்கவே இல்லை என்றால் மட்டும் விதிவிலக்கு. ஊருக்கு ஒரு 'பப்' இருக்கிற நாட்டில் இந்த விதியை எழுதினவர் மனுசனைப் படிச்சவர்.

கூட்டத்துக்கு யார் வேணும்னாலும் போய் உட்காரலாம். இந்த உரிமையை உறுதி செய்யற 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நாடாளுமன்றத்துக்குக் கொண்டு வந்தது, அப்போ புதுசா உறுப்பினரான மார்கரெட் தாட்சர். பிற்காலத்தில் அவர் செஞ்சதைப் பற்றி ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். இந்தச் சட்டத்துக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அப்புறம் அந்த ஆறு பேர். கவுன்சில் தலைவர் கூட்டம் போடாமல் இழுத்தடிச்சால், வாக்காளர்கள் ஆறு பேர் சேர்ந்து தாங்களே ஊர்க் கூட்டத்தைக் கூட்டலாம். தலைவரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. ஆறு பேர் என்றால் ரெண்டு வீடு. ஒரு வேலியோரப் பேச்சு.

கணக்கும் அப்படித்தான். வருசத்துக்கு ஒரு தரம் 30 வேலை நாள், ஊர்க்காரன் யார் வேணும்னாலும் கவுன்சில் கணக்கு, ரசீது எல்லாத்தையும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அந்த 30 நாளில் ஜூலை மாதத்து முதல் பத்து வேலை நாளும் அடங்கி இருக்கணும். பெஞ்சுக்கு எவ்வளவு கொடுத்தாங்க, யாரிடம் வாங்கினாங்க என்று ரசீதைத் தொட்டுப் பார்க்கலாம்.

காசு எங்கிருந்து வருது

வீட்டு வரி மாதிரி இங்கே 'கவுன்சில் டாக்ஸ்'. அந்த ரசீதில் கவுண்டிக்கு இவ்வளவு, டிஸ்ட்ரிக்டுக்கு இவ்வளவு, போலீசுக்கு இவ்வளவு என்று தனித்தனி வரி. கீழே சின்னதா ஒரு வரி பாரிஷுக்கு. இதை 'பிரீசெப்ட்' என்கிறாங்க. எவ்வளவு வேணும்னு பாரிஷ் கவுன்சில் முடிவு பண்ணும், டிஸ்ட்ரிக்ட் வசூல் பண்ணிக் கொடுத்துடும்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. ஊரில் 300 வீடு. வீட்டுக்கு வருசத்துக்கு 60 பவுண்டு என்றால் 18,000 பவுண்டு. கிளார்க்குக்குப் பகுதி நேரச் சம்பளம், புல் வெட்ட ஆள், இன்சூரன்ஸ் போக மிச்சத்தில்தான் ஊஞ்சலும் பெஞ்சும். கவுன்சிலர்களில் ரொம்பப் பேருக்குச் சம்பளம்னு ஒண்ணும் கிடையாது.

காசு சின்னதுதான், ஆனா மேலே இருந்து வந்த காசு இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் கொடுத்தது. அடுத்த நாள் காலையில் அவன் முகத்தில் முழிக்கணும். ஒரு பென்னி கூட்டினாலும் 'எதுக்கு?' என்று அவன் கேட்பான். மேலிடத்து மானியத்தில் பாலம் கட்டி அது ரெண்டே மழையில் இடிஞ்சால், 'யார் வீட்டுக் காசு' என்று போறவங்க உண்டு. தன் பாக்கெட்டில் இருந்து எடுத்துக் கட்டின பாலத்தை ஊர் அப்படி விடாது.

எது இவங்க கையில் இல்லை

நியாயமா இதையும் சொல்லணும். ரோட்டுக் குழி இவங்க வேலை இல்லை, அது கவுண்டி கவுன்சில் வேலை. புது வீடு கட்ட அனுமதி கொடுக்கிறது டிஸ்ட்ரிக்ட். பாரிஷிடம் கருத்து மட்டும் கேட்பாங்க. 'வேண்டாம்' என்று இவங்க எழுதி அனுப்பினாலும் மேலே அனுமதி கொடுக்கலாம். ஊர்க்காரனுக்கு ஆத்திரம் வர்றது இந்த ரெண்டு விசயத்தில்தான், பாரிஷுக்கு அதிகாரம் இல்லாததும் இந்த ரெண்டில்தான். அதனால்தான் 'அங்கே போய் என்ன ஆகப் போகுது' என்று ஒதுங்கிடறாங்க.

ஆனா 2011ஆம் ஆண்டு 'லோக்கலிசம்' சட்டம் ரெண்டு கதவைத் திறந்து வெச்சிருக்கு. ஒண்ணு, எந்த இடத்தில் எந்த மாதிரி வீடு வரலாம் என்று ஊரே ஒரு திட்டம் எழுதி, ஊர் ஓட்டெடுப்பில் ஜெயிச்சால், டிஸ்ட்ரிக்ட் அதைக் கணக்கில் எடுத்துத்தான் அனுமதி கொடுக்கணும். வீடு கட்டறவங்களிடம் 'உள்கட்டமைப்பு வரி' வசூலிக்கிற இடங்களில், அதில் 15 சதவீதம் பாரிஷுக்கு வரும். ஊர்த் திட்டம் இருந்தால் 25 சதவீதம். இன்னொண்ணு, கடைசிக் கடை, கடைசி 'பப்' மாதிரி இடங்களை 'ஊர்ச் சொத்து மதிப்புள்ளது' என்று பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். சொந்தக்காரர் விற்கப் புறப்பட்டால், ஊர்க்காரங்க பணம் திரட்ட ஆறு மாசம் வரைக்கும் விற்பனை நிற்கும். விற்றே ஆகணும்னு கட்டாயம் இல்லை, அவகாசம் மட்டும்தான். ஆனா கடை மூடின பிறகு அழறதை விட ஆறு மாசம் பெரிசு. ரெண்டு கதவையும் தட்டறதுக்கு உட்கார்ந்து மனு எழுத ஆள் வேணும். அந்த ஆள்தான் இல்லை.

காலி நாற்காலி

நாலு வருசத்துக்கு ஒரு தரம் மே மாதத்தில் தேர்தல். பல ஊர்களில் தேர்தலே நடக்கிறதில்லை. ஏழு இடத்துக்கு அஞ்சு பேர் மனு கொடுத்தால் அஞ்சு பேரும் ஜெயிச்சாச்சு. மிச்ச ரெண்டு இடத்துக்கு இருக்கிறவங்களே ஆளைப் பார்த்துச் சேர்த்துக்குவாங்க. நடுவில் ஒரு இடம் காலியானால் பலகையில் நோட்டீஸ் வரும். பத்து வாக்காளர் எழுதிக் கேட்டால்தான் தேர்தல். கேட்கலைன்னா அதுவும் சேர்ப்புதான்.

ஆள் குறைஞ்ச இடத்தில் என்ன நடக்கும்? ரெண்டு மூணு பேர் வெச்சது சட்டம் ஆகும், அப்புறம் அவங்களுக்குள்ளேயே சண்டை வரும். செஷைர் பக்கம் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சில் 2020 டிசம்பரில் ஜூமில் நடத்தின கூட்டம் ஞாபகம் இருக்குமே? 2021 பிப்ரவரியில் அந்த வீடியோ உலகம் முழுக்கப் போச்சு. கூட்டத்தை நடத்த வந்த ஜாக்கி வீவரைப் பார்த்து, உங்களுக்கு இங்கே அதிகாரமே இல்லைன்னு கத்தினாங்க. அவர் கத்தினவரைக் கூட்டத்தை விட்டே எடுத்துட்டார். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அதில் பட்டது வேற. ஊர்க் கண் மேலே இல்லாத சபை எதுவும் கடைசியில் அப்படித்தான் போகும்.

விவசாயி ஏன் உட்காரணும்

நானும் ஒரு கூட்டத்துக்குப் போனேன். மகள்தான் கூட்டிக்கிட்டுப் போனாள். "அப்பா, பின்னால உட்கார்ந்து கேட்டுக்கலாம்ப்பா, பொதுமக்கள் பேசற நேரம்னு தனியா இருக்கு" என்றாள். அன்னைக்குப் பெரிய விசயம், ஊருக்கு வர்ற சந்து ரோட்டில் ஒவ்வொரு குளிர்காலமும் தண்ணீர் தேங்கறது. ஸ்கூல் பஸ் திரும்பிப் போயிடுது. பேசினவங்க எல்லாம் நல்ல மனுசங்க. ஓய்வு பெற்ற ஆசிரியர், கம்ப்யூட்டர் வேலைக்காரர், பேங்கில் இருந்த அம்மா. படம் எடுத்து வெச்சிருந்தாங்க, கவுண்டிக்குக் கடிதம் எழுதியிருந்தாங்க, ஆய்வாளரை வெச்சுப் பார்க்கலாமா என்று யோசிச்சாங்க. தண்ணீர் எங்கே இருந்து வந்து எங்கே போகணும் என்று அந்த அறையில் ஒருத்தருக்கும் தெரியலை.

ரெண்டு நாள் கழிச்சு வேலியோரமாப் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இதைச் சொன்னேன். எழுபது வயசு மனுசர். நான் பேசற அரைகுறை இங்கிலீசை மகள் சரி பண்ணிச் சொன்னாள். அவர் சிரிச்சுக்கிட்டே கையை நீட்டிக் காட்டினார். அந்த வயல் வாசலுக்கு அடியில் அவங்க அப்பா காலத்தில் போட்ட மண் குழாய் ஒண்ணு இருக்காம். வாசலில் பெரிய டிராக்டர் போய்ப் போய் அது அமுங்கிப் போச்சாம். அதைத் தோண்டி மாத்திட்டு, கீழே ஐம்பது அடி வாய்க்காலைத் தூர் வாரினால் தண்ணீர் ஓடிடுமாம். "இதை அங்கே வந்து சொல்லலாமே" என்றேன். "பத்து வருசம் உட்கார்ந்தேன், போதும். இப்போ அங்கே நாய்க் கதைதான்" என்றார்.

இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் வராததால்தான் அது நாய்க் கதை ஆச்சு. இங்கே சட்டப்படி நிலத்தை ஒட்டிய வாய்க்காலைச் சுத்தமா வெச்சிருக்கிற பொறுப்பு நிலக்காரனுடையது. அப்போ தண்ணீர் தேங்கினால் ஊர் விரல் நீட்டப் போறது யார் பக்கம்? அறையில் விவசாயி இல்லைன்னா, அவனைப் பற்றி அவன் இல்லாமலே பேசி முடிச்சிடுவாங்க.

நடைபாதையும் அப்படித்தான். இங்கிலாந்தில் வயலுக்கு நடுவிலேயே பொதுப் பாதை போகும், யார் வேணும்னாலும் நடக்கலாம். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தப் பாதைகளை வரைபடத்தில் ஏற்றினபோது, ஊர் ஊரா நடந்து குறிச்சுக் கொடுத்தது பாரிஷ் கவுன்சில்கள்தான். 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயலைக் குறுக்கே வெட்டிப் போற பாதையை உழுதால் 14 நாளுக்குள் திரும்பச் சரி பண்ணிக் கொடுக்கணும், குறைஞ்சது ஒரு மீட்டர் அகலம். நடக்க வர்றவங்களுக்கு 14 நாள் கணக்குத் தெரியாது. உழுத மறுநாளே 'பாதையை அழிச்சுட்டான்' என்று கவுன்சிலுக்குப் புகார் போகும். பீட் கிழங்கு ஏற்றற காலத்தில் ரோட்டில் சேறு. அதைக் கூட்டித் தள்ளறதும் விவசாயி பொறுப்பு. புகார் சொல்றவனுக்கும் நியாயம் உண்டு, சேற்றில் சைக்கிள் வழுக்கினால் கால் போயிடும். இந்த ரெண்டு நியாயமும் ஒரே மேசையில் உட்காரணும். கடிதத்தில் மோதினால் பகைதான் வளரும்.

'விவசாயி வந்தால் தன் நிலத்துக்கு வீட்டு மனை அனுமதி வாங்கிக்குவான்' என்று ஒரு பயமும் ஊருக்குள் இருக்கு. அந்தப் பயம் நியாயமானது. அதுக்கும் முளைக்குச்சி அடிச்சிருக்காங்க. கவுன்சிலருக்குப் பணச் சம்பந்தம் உள்ள விசயம் வந்தால் அதை முன்கூட்டியே சொல்லணும், அந்தப் பேச்சிலும் ஓட்டிலும் கலந்துக்கக் கூடாது. மறைச்சால் 2011 சட்டப்படி அது குற்றம். ஆகவே தன் நிலம் வரும்போது விலகி இருக்கட்டும், தண்ணீர் பேச்சு வரும்போது வந்து உட்காரட்டும்.

இப்போ ஏன் அவசரம்

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு ஒரு வெள்ளை அறிக்கை போட்டுது. நார்ஃபோக் மாதிரி கவுண்டி, டிஸ்ட்ரிக்ட் என்று ரெண்டு அடுக்கு இருக்கிற இடங்களில் அதை எடுத்துட்டு, ஒரே அடுக்கா, சுமார் 5 லட்சம் பேருக்கு ஒரு கவுன்சில் என்கிற அளவில் ஆக்கணும் என்கிறது அதோட போக்கு. செலவு மிச்சம் என்கிறாங்க. இருக்கலாம். ஆனா 5 லட்சம் பேருக்கு ஒரு சபை என்றால், 300 வீட்டு ஊரோட சந்து ரோடு அங்கே யார் கண்ணில் படும்? ஊருக்குப் பக்கத்தில் மிஞ்சப் போறது பாரிஷ் ஒண்ணுதான்.

அது மட்டும் இல்லை. பெரிய கவுன்சில் காசு இல்லாமல் திண்டாடும்போது, பொதுக் கழிப்பறை, பூங்கா, சாலையோரப் புல் எல்லாத்தையும் 'நீங்களே பார்த்துக்குங்க' என்று கீழே தள்ளிவிடும். பல ஊர்களில் இது ஏற்கெனவே நடந்திருக்கு. என்னைக் கேட்டால், ஊர் அதை வாங்கிக்கலாம், ஆனா எழுதி வாங்கணும். பராமரிப்புக்கு வருசத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்கு, நிலப் பத்திரம், கூடவே கொஞ்ச வருசத்துக்குக் காசு. இதெல்லாம் இல்லாமல் வாங்கறது கறவை நின்ன மாட்டை இலவசம்னு ஓட்டிக்கிட்டு வர்ற மாதிரி. தேவைப்பட்டால் பிரீசெப்டை ரெண்டு பவுண்டு கூட்டட்டும். கவுண்டியும் டிஸ்ட்ரிக்டும் ஒரு வரம்புக்கு மேல் வரி கூட்ட ஓட்டெடுப்பு வைக்கணும், பாரிஷுக்கு இதுவரை அந்த வரம்பு இல்லை. அதனாலேயே கூட்டறதுக்கு முன்னால் ஊரைக் கூட்டிக் கேட்கிறது மரியாதை.

இங்கே இருக்கிற நம்ம ஆட்களுக்கு

இங்கிலாந்துக் கிராமங்களிலும் சின்ன டவுன்களிலும் இப்போ நம்ம பிள்ளைங்க நிறையப் பேர் இருக்காங்க. நர்ஸ், டாக்டர், முதியோர் இல்ல வேலை. 'நமக்கு எதுக்குங்க இந்த ஊர்ப் பஞ்சாயத்து' என்கிறதுதான் அவங்க பேச்சு. ஒரு விசயம் தெரிஞ்சுக்குங்க. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடு. முறையான விசாவில் இங்கே குடியிருக்கிற 18 வயசு தாண்டின காமன்வெல்த் குடிமக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து ஓட்டுப் போடலாம். நிரந்தரமாத் தங்க உரிமை கிடைச்ச பிறகு பாரிஷ் கவுன்சிலுக்கு நிற்கவும் செய்யலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியலில் பேர் இருந்தால், ஊர்க் கூட்டத்தைக் கூட்டற அந்த ஆறு பேரில் நீங்களும் ஒருத்தர்.

மகளிடம் சொன்னேன், "கண்ணு, நீ நைட் டியூட்டி பார்க்கறவ. ராத்திரி பஸ் இல்லாத கஷ்டம் அந்த மேசையில் இருக்கிற யாருக்கும் தெரியாது. நீ போய்ச் சொன்னால்தான் தெரியும்" என்று. யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கா.

நம்ம ஊரை இழுக்காமல் முடிக்க முடியலை. இவங்க சட்டம் 1894, நம்ம தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994. சரியா நூறு வருசம். நமக்கு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை நாள் குறிச்சே கொடுத்திருக்கு. ஊர் வாக்காளர் அத்தனை பேரும் அதில் உறுப்பினர். இங்கே இருக்கிறவங்களுக்கு அவ்வளவு பெரிய சபை வருசத்துக்கு ஒரு தரம்தான். அதுக்கும் வர்றது கொஞ்சம் பேர், நம்ம கதையும் அதேதான்னு உங்களுக்கே தெரியும்.

நோட்டீஸ் ஒட்டச் சொல்லலாம், ஆறு மணிக்குக் கூடச் சொல்லலாம், கணக்கைத் திறந்து வைக்கச் சொல்லலாம். நாற்காலியில் வந்து உட்காருன்னு எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. பக்கத்துப் பண்ணைக்காரர் காதில் இதைத் திரும்பவும் போடப் போறேன். அடுத்த கூட்டம் வர்ற வியாழக்கிழமை, நோட்டீஸ் பலகையில் வந்தாச்சு. அந்தக் குழாயை மாத்தணும்னு அவர் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், குளிர் தொடங்கறதுக்குள் தோண்டிடலாம்.